தூரத்திலிருந்து சங்கக் கணனியைத் திறப்பது எப்படி?



இடம்பெயர்ந்த மக்களின் சங்கங்களுக்கு ஒரு தனியான சிரமம் உண்டு. அங்கத்தவர்கள் ஓரிடத்தில் இல்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் பல இடங்களில் சிதறிப்போயினர். சிலர் தம் காணிக்குத் திரும்பினர். சிலர் உறவினர் வளவில் இருக்கின்றனர். சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகப் பட்டணத்தில் வாடகைக்கு இருக்கின்றனர். சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு, விதைநெல் கடன் கணக்கு, காணி உத்தரவுப் பத்திரங்களின் பிரதிகள் யாவும் அலுவலகத்தில் உள்ள ஒரே கணனியில் இருக்கின்றன. கணக்கில் ஒரு வரியைத் திருத்துவதற்காகச் செயலாளர் ஒரு நாள் வேலையை விட்டு, பேருந்துக் காசும் கொடுத்து வரவேண்டியிருக்கிறது.

இந்தச் சிரமத்துக்கு ஒரு வழி உண்டு. ஓரிடத்தில் உள்ள கணனியை வேறோர் இடத்தில் உள்ள கணனியிலிருந்து திறந்து வேலை செய்யலாம். இதனைத் தொலைநிலை அணுகல் என்கிறோம். இரண்டு கணனிகளும் ஒரே வகையாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் இது நம் வீட்டுச் சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது போன்ற காரியம். கொடுக்கத் தெரிந்தவர்களுக்குத் திருப்பி வாங்கவும் தெரிந்திருக்கவேண்டும். இரண்டையும் இந்தப் பாடத்தில் படிப்போம். சங்கத்தின் இளைஞர்கள் செய்முறையைப் பழகட்டும். பெரியவர்கள் சாவி பற்றிய பகுதியைக் கட்டாயம் வாசிக்கட்டும்.

1. வேறு வேறு முறைமைகள்

கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்பன நாம் அடிக்கடி கேட்கும் பெயர்கள். கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவை அன்ட்ரொயிட் முறைமையில் ஓடுகின்றன.

நம்முடைய நிலையங்களில் இப்பொழுது ஏன் இரண்டு வகையும் கலந்து காணப்படுகின்றன? விண்டோஸ் 10 முறைமைக்கு வழமையாக வழங்கப்பட்ட இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நின்றன. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 ஐ ஏற்பதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நன்கொடையாகக் கிடைத்த பழைய கணனிகள் பலவற்றில் இவை இல்லை. இத்தகைய கணனியை எறிந்துவிடாமல் லினக்ஸ் முறைமைக்கு மாற்றிப் பயன்படுத்தலாம். லினக்ஸ் மின்ட் என்ற வகைக்கு 2 ஜிபி நினைவகம் போதும். 4 ஜிபி இருந்தால் வசதி. அது இலவசமானது. ஆகவே அலுவலகத்தில் பழைய கணனி லினக்ஸில் ஓடுகிறது. செயலாளரின் மகள் படிப்புக்கு வாங்கிய மடிக்கணனி விண்டோஸில் ஓடுகிறது. இந்த இரண்டையும் எப்படிப் பேசவைப்பது என்பதே நம் கேள்வி.

2. பொதுமொழி

பாபேல் கோபுரத்தைக் கட்டியவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமற் போனபோது கட்டட வேலையே நின்றது என்று தொடக்கநூலில் படித்திருக்கிறோம். கணனிகளும் அப்படித்தான். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உள்ளமைப்பு வேறு. ஆனால் இரண்டுக்கும் தெரிந்த ஒரு பொதுமொழி இருந்தால் உள்ளமைப்பு வேறாக இருப்பது தடையாகாது.

இத்தகைய பொதுமொழிகளில் இரண்டை நாம் அறிந்திருக்கவேண்டும்.

முதலாவது ஆர்டிபி. இதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 இல் விண்டோஸ் என்ரி 4.0 இன் ஒரு பதிப்புடன் வெளியிட்டது. பின்னர் வேறு பலர் இதே மொழியை லினக்ஸும் மேக்கும் பேசுவதற்கு மென்பொருள் எழுதினர். இரண்டாவது விஎன்சி. இது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெற்றி ஆய்வுகூடத்தில் உருவாகி, அதே 1998 இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. அலுவலகக் கணனியின் திரையில் தெரிவது வலையமைப்பின் வழியாக நம் திரைக்கு வருகிறது. நாம் இங்கே அழுத்தும் விசையும் அசைக்கும் சுட்டியும் அங்கே போகின்றன. கணக்குப் புத்தகம் அங்கேயே திறக்கிறது, அங்கேயே சேமிக்கப்படுகிறது. நம் கணனி ஒரு யன்னல் மாத்திரமே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. விஎன்சி வழமையாக அங்கே மேசையில் இருப்பவர் காணும் அதே திரையையே நமக்கும் காட்டும். ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போன்றது அது. ஆர்டிபி நமக்கென்று ஒரு கதிரையைப் போட்டுத் தருகிறது. விண்டோஸ் கணனிக்குள் ஆர்டிபி வழியாக நுழைந்தால் அங்குள்ள திரை பூட்டப்பட்டுவிடும். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்யலாம். லினக்ஸ் கணனிக்குள் நுழைந்தால் நமக்குத் தனியான ஒரு புதிய மேசை திறக்கும். அங்கே இருப்பவருக்கு அது தெரியாது. கற்பிப்பதற்கு விஎன்சி முறையும், தனியே கணக்கு எழுதுவதற்கு ஆர்டிபி முறையும் பொருந்தும்.

3. தொடங்குமுன் செய்யவேண்டியவை

(அ) ஒவ்வொருவருக்கும் கணனியில் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்குங்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்களைக் கோத்தால் நினைவில் வைப்பதும் எளிது, பிறர் கண்டுபிடிப்பதும் கடினம். ஊர்ப் பெயர், பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு என்பன வேண்டாம்.

(ஆ) சில நிமிடங்களில் கணனி தானாக உறங்கிவிடும் வசதியை நிறுத்திவையுங்கள். உறங்கும் கணனி நம் அழைப்புக்குப் பதில் சொல்லாது.

(இ) மின்வெட்டு வந்தால் கணனி அணைந்துவிடும். தூரத்திலிருந்து அதனை நாம் மீண்டும் முடுக்க முடியாது. சிறிய மின்கல வழங்கி ஒன்று இருந்தால் நல்லது. சில கணனிகளில் மின்சாரம் திரும்பியதும் தானாக முடுங்கும்படி அடிப்படை அமைப்பில் ஒழுங்கு செய்யலாம்.

(ஈ) எல்லாக் கோப்புகளையும் ஒரு வெளி வன்தட்டில் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். தொலைநிலை அணுகல் என்பது பிரதி எடுத்தல் அல்ல. அங்கே அழிந்தால் இங்கேயும் இல்லை. எல்லாப் பத்திரங்களையும் ஒரே பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இழந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

(உ) கணனியின் உள் முகவரியைக் குறித்து வையுங்கள். இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் நான்கு எண்களாக இருக்கும். விண்டோஸில் வலையமைப்பு அமைப்புகளிலும், லினக்ஸ் மின்டில் கீழ்ப்பட்டையில் உள்ள வலையமைப்புச் சின்னத்தின் வழியாகவும் இதைக் காணலாம்.

4. முதற் பயிற்சி: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

இரண்டு கணனிகளையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே ரவுட்டரில் இணைத்துப் பழகுங்கள். அருகில் வெற்றி கண்ட பின்னரே தூரத்துக்குப் போகவேண்டும்.

லினக்ஸ் கணனியில்: மின்டின் மென்பொருள் முகாமையாளரைத் திறந்து 'எக்ஸ்ஆர்டிபி' என்பதைத் தேடி நிறுவுங்கள். அதனுடன் 'எக்ஸ்ஓஆர்ஜி எக்ஸ்ஆர்டிபி' என்ற துணைப் பொதியையும் நிறுவுங்கள். இரண்டும் வேண்டும். லினக்ஸுக்கு ஆர்டிபி மொழியைக் கற்றுக்கொடுப்பவை இவையே. நிறுவியதும் இது பின்னணியில் தானாக ஓடத் தொடங்கும். தீச்சுவர் எனப்படும் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் 3389 என்ற இலக்கத்துக்கு உள்வரவை அனுமதியுங்கள்.

இந்த இலக்கம் எதைக் குறிக்கிறது? குளத்தின் அணைக்கட்டில் பல துருசுகள் இருப்பதாக எண்ணுங்கள். ஒவ்வொரு துருசும் ஒவ்வொரு வாய்க்காலுக்கு. கணனியிலும் அப்படி இலக்கமிட்ட பல துருசுகள் உண்டு. ஆர்டிபிக்கு வழமையாக 3389, விஎன்சிக்கு 5900. வேண்டிய துருசை மட்டும் திறந்து மற்றவற்றை மூடிவைப்பதே தீச்சுவரின் வேலை.

பின்னர் லினக்ஸ் கணனியில் உங்கள் பயனர் பெயரிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஒரே பெயரில் அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் நுழைந்தால் கறுப்புத் திரை மட்டுமே தெரியக்கூடும்.

விண்டோஸ் கணனியில்: தொடக்கப் பட்டியில் 'ரிமோட் டெஸ்க்டொப் கனெக்‌ஷன்' என்று தேடித் திறவுங்கள். இது எல்லா விண்டோஸ் பதிப்புகளிலும் உண்டு. லினக்ஸ் கணனியின் உள் முகவரியை எழுதி இணையுங்கள். 'இந்தக் கணனி யாருடையது என்று உறுதிப்படுத்த முடியவில்லை' என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை வரும். மேசையில் பக்கத்தில் இருக்கும் நம்முடைய கணனிதான் என்பது நிச்சயமாக இருப்பதால் சம்மதிக்கலாம். அடுத்துவரும் கட்டத்தில் 'எக்ஸ்ஓஆர்ஜி' என்பதைத் தெரிந்து, லினக்ஸில் உண்டாக்கிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். லினக்ஸின் மேசை விண்டோஸ் திரையில் விரியும்.

வேலை முடிந்ததும் சாளரத்தை மாத்திரம் மூடிவிட்டுப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் மேசை அங்கே திறந்தபடியே இருக்கும். லினக்ஸின் பட்டியலில் உள்ள வெளியேறும் கட்டளையைக் கொடுத்து முறையாக வெளியேறுங்கள்.

5. இரண்டாம் பயிற்சி: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு

இங்கே முதலில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பு ஆர்டிபி வழியாகப் பிற கணனிக்குள் போகும். பிறரைத் தனக்குள் வரவிடாது. வரவிடும் வசதி புரோ முதலிய பதிப்புகளிலேயே உண்டு. உங்களிடம் ஹோம் பதிப்பு இருந்தால் இந்தப் பயிற்சியை விட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

விண்டோஸ் கணனியில் அமைப்புகளுக்குள் சென்று, 'சிஸ்டம்' என்பதன் கீழ் 'ரிமோட் டெஸ்க்டொப்' என்பதை இயங்கச் செய்யுங்கள். கடவுச்சொல் இல்லாத பயனர் பெயரால் உள்ளே வர முடியாது. நான்கு இலக்கப் பின் எண்ணும் இங்கே பயன்படாது. அந்தக் கணக்குக்கு உரிய முழுக் கடவுச்சொல்லே வேண்டும். பலர் இந்த இடத்திலேயே தடுமாறித் திரும்பிவிடுகின்றனர்.

லினக்ஸ் கணனியில் 'ரெமினா' என்ற மென்பொருளை மென்பொருள் முகாமையாளரிலிருந்து நிறுவுங்கள். புதிய இணைப்பு ஒன்றை உண்டாக்கி, மொழியாக ஆர்டிபியைத் தெரிந்து, விண்டோஸ் கணனியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எழுதிச் சேமியுங்கள். அந்தப் பெயரை இருமுறை சொடுக்கினால் விண்டோஸ் திறக்கும். ரெமினா ஆர்டிபி, விஎன்சி இரண்டையும் பேசக்கூடியது.

6. தூரத்திலிருந்து வருவது

ஒரே மேசையில் சரியாக வேலை செய்தது, வவுனியாவிலிருந்து முயன்றால் ஏன் வேலை செய்வதில்லை? காரணம் முகவரி. 192.168 என்று தொடங்கும் முகவரி முகாமில் இருந்த கொட்டில் இலக்கம் போன்றது. முகாமுக்குள் '47 ஆம் கொட்டில்' என்றால் எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து ஒருவர் '47' என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் அது வந்து சேருமா? எத்தனையோ முகாம்களில் 47 ஆம் கொட்டில் இருந்தது. மேலும் கைத்தொலைபேசி நிறுவனங்களின் ரவுட்டர் பாவிக்கும்போது பல வாடிக்கையாளருக்கு ஒரே வெளி முகவரியே பகிர்ந்து கொடுக்கப்படுவது வழமை. ஆகவே வெளியிலிருந்து நேரே நம் கணனியைக் கூப்பிட முடியாது.

இதற்கு இரண்டு நல்ல வழிகளும் ஒரு கெட்ட வழியும் உண்டு.

முதல் வழி: நடுவர் வழி. இரண்டு கணனிகளும் இணையத்தில் உள்ள ஒரு நடுவர் கணனியை நாடுகின்றன. நடுவர் இரண்டையும் சேர்த்துவைக்கிறார். ரஸ்ட்டெஸ்க், எனிடெஸ்க், ரீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் என்பன இவ்வகையின. இவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியிலிருந்தும் கணனியைத் திறக்கலாம். விண்டோஸ் ஹோம் பதிப்புக்கும் இது பொருந்தும்.

ரஸ்ட்டெஸ்க் என்பதன் மூல நிரல் எல்லோரும் வாசிக்கக்கூடியவாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதனை உதாரணமாகக் கொள்வோம். அந்த மென்பொருளின் சொந்த இணையத்தளத்திலிருந்து மாத்திரம் இறக்கி, இரண்டு கணனிகளிலும் நிறுவுங்கள். அலுவலகக் கணனியில் ஓர் அடையாள இலக்கமும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் தெரியும். வெளியில் இருப்பவர் அந்த இலக்கத்தை எழுதி இணைப்புக் கேட்பார். அலுவலகத்தில் இருப்பவர் திரையில் தோன்றும் அனுமதிப் பொத்தானை அழுத்தவேண்டும், அல்லது ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லவேண்டும். வேலை முடிந்ததும் அங்கிருப்பவரே இணைப்பைத் துண்டிக்கலாம். யாரும் இல்லாத வேளையிலும் திறப்பதற்கு நிரந்தரக் கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் தொடக்கத்தில் அப்படிச் செய்யவேண்டாம். அலுவலகத்தில் ஒருவர் இருந்து அனுமதி கொடுக்கும் முறையே பாதுகாப்பானது.

இரண்டாம் வழி: தனிவாய்க்கால். பொது இணையத்துக்குள் நமக்கென மறைகுறியிட்ட ஒரு தனி வலையமைப்பை அமைப்பது இது. வயர்கார்ட் என்ற நுட்பம் 2020 இல் லினக்ஸின் கருவுடனேயே சேர்க்கப்பட்டது. அதன்மீது அமைந்த டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் நம் ஒவ்வொரு கணனிக்கும் 100 என்று தொடங்கும் தனி முகவரி ஒன்றைத் தரும். அந்த முகவரியைக் கொண்டு, மேலே பழகிய ஆர்டிபி முறையைத் தூரத்திலிருந்தும் அப்படியே பயன்படுத்தலாம். சற்றுப் பழகிய இளைஞர் ஒருவர் உள்ள சங்கத்துக்கு இது நல்ல வழி.

கெட்ட வழி: ரவுட்டரில் 3389 துருசை உலகம் முழுவதற்கும் திறந்துவிடுவது. சிலர் இதை எளிய வழி என்று சொல்லிக்கொடுக்கின்றனர். செய்யாதீர்கள். திறந்திருக்கும் துருசுகளைத் தேடி நாள் முழுவதும் இணையத்தைத் துழாவும் நிரல்கள் உண்டு. அவை கண்டதும் ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். 2019 மே மாதத்தில் பழைய விண்டோஸ் பதிப்புகளின் ஆர்டிபியில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வரக்கூடிய ஓர் ஓட்டை வெளியே தெரியவந்தது. அது எவ்வளவு பாரதூரமாக இருந்ததென்றால், ஆதரவு நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. விஎன்சியின் பழைய வகைகள் மறைகுறியிடாமலே தகவல்களை அனுப்பும். அதனையும் நேரே இணையத்தில் திறக்கக்கூடாது.

7. அடிக்கடி வரும் தொல்லைகள்

திரை மெதுவாக அசைந்தால்: நிற ஆழத்தைக் குறையுங்கள், மேசைப் பின்னணிப் படத்தை நீக்குங்கள், திரையின் அளவைச் சிறிதாக்குங்கள். திரையில் மாறிய பகுதிகளே பெரும்பாலும் அனுப்பப்படுகின்றன. எனவே கணக்கு எழுதுவதற்குக் குறைந்த தரவே போகும். வீடியோ பார்த்தால் தரவு கரைந்துவிடும்.

தமிழ் எழுத்து மாறி வந்தால்: இரண்டு கணனிகளிலும் தமிழ் விசைப்பலகையை ஒரே நேரத்தில் இயக்கினால் எழுத்துகள் குழம்பக்கூடும். இங்கே ஆங்கிலத்தில் வைத்து, அங்கே உள்ள கணனியில் தமிழைத் தெரிவு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய கடிதங்களைத் திறப்பதானால், அந்த எழுத்துரு அங்கே நிறுவப்பட்டிருந்தால் போதும்; நம் கணனியில் இருக்கவேண்டியதில்லை.

நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யாவிட்டால்: உள் முகவரி மாறியிருக்கலாம். ரவுட்டர் ஒவ்வொரு முறையும் வேறு முகவரி கொடுக்கக்கூடும். அலுவலகக் கணனிக்கு மாறாத முகவரி ஒன்றை ரவுட்டரில் ஒதுக்கிவிடுங்கள்.

8. சாவி யார் கையில்?

இதுவரை சொன்னவற்றை ஒரு இளைஞர் சில நாட்களில் பழகிக்கொள்வார். இனிச் சொல்வது முழுச் சங்கத்துக்கும் உரியது.

நம் சங்கக் கணனியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யார் எந்தக் காணிக்கு உரிமை கோருகிறார், யாரிடம் உறுதி இல்லை, யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், எந்த வீட்டில் விதவை தனியாக இருக்கிறார், யாருடைய பிள்ளை காணாமற் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இவை அந்தக் குடும்பங்கள் நம்மை நம்பிச் சொன்னவை. வயலில் ஒரு வரம்பு எங்கே ஓடுகிறது என்ற தகவல்கூடத் தவறான கையில் சேர்ந்தால் ஒரு குடும்பம் தன் காணியை இழக்கலாம். ஆகவே சாவியைப் பற்றிய தீர்மானத்தைக் கணனி தெரிந்த ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிட முடியாது. நிர்வாக சபை எடுக்கவேண்டிய தீர்மானம் இது.

பின்வரும் ஒழுங்குகளை நாம் சிபாரிசு செய்கிறோம்:

• யார் யார் தூரத்திலிருந்து திறக்கலாம் என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். மூவருக்கு மேல் வேண்டாம்.

• ஒருவருடைய கடவுச்சொல்லை மற்றவர் பாவிக்கக்கூடாது. தலைவராயினும், பங்குத்தந்தையாயினும் இதே விதிதான்.

• கணனிக்கு அருகில் ஒரு கொப்பி வையுங்கள். யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தார், எதற்காக, எத்தனை மணிக்கு மூடினார் என்று எழுதுங்கள்.

• பதவி மாறும் அன்றே பழையவரின் பயனர் பெயரை நிறுத்துங்கள். இதில் மனத்தாங்கல் எதுவும் வேண்டாம். களஞ்சியத் திறப்பை ஒப்படைப்பது போல இதையும் எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள்.

• தூரத்திலிருந்து வேலை தேவையில்லாத காலத்தில் அந்த வசதியையே நிறுத்திவையுங்கள்.

அடுத்ததாக வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதே மென்பொருட்களைக் கொண்டு ஏமாற்றுபவர்கள் இருக்கின்றனர். தொலைபேசியில் ஓர் அழைப்பு வரும். வங்கியிலிருந்து பேசுவதாகவோ, நிவாரணப் பணம் வந்திருப்பதாகவோ, வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருப்பதாகவோ மரியாதையாகச் சொல்வர். 'இந்தச் செயலியை இறக்குங்கள், திரையில் வரும் இலக்கத்தை வாசியுங்கள்' என்பர். அந்த இலக்கத்தை வாசித்த கணமே உங்கள் கைத்தொலைபேசியின் திரை அவர்களுக்குத் தெரியத் தொடங்கும். வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கமும் தெரியும். பணம் போய்விடும். கடவுச்சொல்லை உடைக்கும் வித்தை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை; நாமே திறந்துவிடுகிறோம்.

வாசல் வழியாக வருபவனையும் வேலி பாய்ந்து வருபவனையும் பிரித்தறியும்படி நற்செய்தி நமக்குக் கற்பிக்கிறது. இங்கே பிரித்தறிவதற்கு ஓர் எளிய விதி உண்டு. நாம் உதவி கேட்டு, நமக்குத் தெரிந்த ஒருவரை, நாமே கூப்பிட்டால் அது வாசல். கேளாமலே ஒருவர் கூப்பிட்டு இலக்கம் கேட்டால் அது வேலி. சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு நீங்களே பேசுங்கள். இலக்கத்தைச் சொல்லிவிட்டீர்களாயின் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள், வங்கிக்கு வேறு தொலைபேசியிலிருந்து அறிவியுங்கள், செயலியை நீக்குங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள், பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணனிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி இலங்கையில் குற்றமாகும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது. பிறருடைய விபரங்களை வைத்திருக்கும் நம் சங்கங்களும் அவற்றைப் பொறுப்புடன் காக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

9. குழுவாகக் கலந்துரையாட

(1) நம் சங்கக் கணனியில் உள்ள விபரங்களில் எவை எல்லா அங்கத்தவருக்கும் தெரியலாம்? எவை அந்தக் குடும்பத்துக்கும் செயலாளருக்கும் மட்டும் உரியவை?

(2) இன்று நம் கணனியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் எல்லோரும் இப்பொழுதும் சங்கப் பதவியில் இருக்கின்றனரா?

(3) வயது முதிர்ந்த அம்மா ஒருவருக்கு, ஏமாற்று அழைப்பை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கணனிச் சொல் ஒன்றுமில்லாமல் எப்படி விளக்குவீர்கள்? இருவர் நடித்துக் காட்டுக.

(4) செயலாளர் ஒரு மாதத்தில் எத்தனை முறை அலுவலகத்துக்குப் பயணம் செய்கிறார்? அவற்றில் எத்தனை பயணத்தைத் தூரத்திலிருந்து வேலை செய்து தவிர்க்கலாம்? பேருந்துக் காசையும் இழந்த நாட்கூலியையும் கணக்கிடுக.

நான்காம் கேள்விக்கான விடை சிறு தொகையாக இருந்தால் இந்த ஏற்பாடு உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பெரிய தொகையாக இருந்தால், வரும் போகத்துக்கு முன் இரண்டு கணனிகளையும் ஒரு மேசையில் வைத்துப் பழகத் தொடங்குங்கள். சாவி பற்றிய தீர்மானத்தை மட்டும் முதலில் எழுதிவையுங்கள்.